கொடிகைக்காரர் வீடு: தாது வருஷத்துப் பத்திரமும் ஒரு குடும்பப்பெயரும்

கேள்வி: இராயக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து, கிருஷ்ணகிரியில் வசிப்பவர்

அனைவருக்கும் வணக்கம். இராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் உள்ள என் பிறந்த வீட்டை ஊரார் இன்றும் 'கொடிகைக்காரர் வீடு' என்றே சொல்கிறார்கள். எங்கள் பங்காளிகளில் இன்னொரு வீட்டாருக்கும் இதே பெயர் உண்டு. ஊரில் வேறு எவருக்கும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி மகனுக்குச் சென்ற மாதம் குழந்தை பிறந்தது. பிறப்புப் பதிவில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் முன்னெழுத்தைப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். "அத்தை, கொடிகை என்று எழுதலாமா, அதற்கு என்ன பொருள்?" என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று விளக்கங்கள் வழங்குகின்றன. திப்பு சுல்தான் படையில் முன்னோர் ஒருவர் கொடி பிடித்துச் சென்றதால் வந்த பெயர் என்பார் என் பெரியப்பா. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள் என்பார் சித்தப்பா. ஏரி நிரம்பிக் கோடி போகும் (மிகுதி நீர் வழியும்) இடத்தைக் காவல் காத்தவர்கள் என்பாரும் உண்டு. ஏரிக்குக் கீழே எங்களுக்கிருந்த ஒரு துண்டு நிலத்தைக் 'கொடிகைக் கத்தே' என்பார்கள். இந்தக் கத்தேயும் எனக்கு விளங்கவில்லை. கட்டு, கத்தை என்பதன் திரிபாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு கேள்வி ஓட்டனாரைப் பற்றியது. என் தந்தையாரின் பாட்டனார் எங்களுக்குப் பூட்டனார். அவருடைய தந்தையே நான் குறிப்பிடும் ஓட்டனார். தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தையையும் மனைவியையும் ஊரில் விட்டுவிட்டு அவர் 'தூரதேசம்' போனார், திரும்பவில்லை என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியாது. கோலார் தங்கவயலுக்குப் போனார் என்று சிலர் சொல்கிறார்கள்.

என்னிடம் இருக்கும் ஒரே சான்று, பெட்டியில் கிடந்த ஒரு பழைய தாள். முத்திரையோ பதிவு எண்ணோ அதில் இல்லை. 'தாது வருஷம் மாசி மாதம்' என்று தொடங்கும் அந்தத் தாளில், தந்தையும் மகனுமாக இருவர் தங்கள் கொடிகை நிலத்தைப் பங்காளி ஒருவருக்கு எட்டுக் கொளகம் (ஒரு தானிய அளவு) கேழ்வரகுக்குப் போக்கியமாக விட்டதாக எழுதி, இருவரும் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். நிலத்துக்கு எண் எதுவும் இல்லை. நான்கு எல்லைகள் மட்டும் சொல்லப்பட்டுள்ளன. இது ஓட்டனார் காலத்துத் தாள்தானா என்பதை எப்படி உறுதி செய்வது? எங்கே தொடங்க வேண்டும்? பெருமைக்காகப் பொய்யான ஒரு கதையை அந்தக் குழந்தையின் பெயரோடு சேர்த்துவிடக் கூடாது என்பதே என் கவலை.


மறுமொழி 1: வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், தருமபுரி

அம்மா, வணக்கம். கடைசியில் சொன்ன கவலையைத் தாங்கள் முதலில் வைத்துக்கொண்டால் பாதி வழி தெளிந்துவிடும். பெயரிலிருந்து தொடங்க வேண்டாம், தாளிலிருந்து தொடங்குங்கள்.

தாது என்பது அறுபது வருஷச் சுழற்சியில் பத்தாவது. அது 1816-17லும், பஞ்சம் வந்த 1876-77லும், 1936-37லும் வந்திருக்கிறது. ஆகவே, தாது என்று கண்டவுடன் பஞ்ச காலம் என்று முடிவு கட்ட இயலாது. நம் பக்கத்து வழக்கத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மூத்த பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைக்கிறோம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பும்போது, இரண்டு தலைமுறைக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு ஆகிவிடுகிறது. 1877இல் 'இன்னாரும் அவர் மகன் இன்னாரும்' என்று எழுதப்பட்ட இரு பெயர்களே 1937இலும் தந்தை மகனாக உயிரோடு இருந்திருக்கலாம். வருஷத்தின் பெயரும் ஒன்று, ஆட்களின் பெயரும் ஒன்று. இந்த இடத்தில் வழி தவறிய குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனவே மூன்று செய்திகளைச் சரி பாருங்கள். தாளில் கிழமையோ நட்சத்திரமோ இருந்தால் பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு எந்த ஆண்டு என்று பிரித்துவிடலாம். வருவாய்க் கணக்குக்குரிய பசலி ஆண்டு எழுதப்பட்டிருந்தால் அதனோடு 590ஐக் கூட்டுங்கள். பசலி 1286 என்பது 1876-77ஐக் குறிக்கும். இரண்டும் இல்லையென்றால், அந்தத் தந்தையும் மகனும் 1937இல் உயிரோடு இருந்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கைநாட்டு வைக்க ஆள் உயிரோடு இருந்தாக வேண்டும். நிலத்துக்குச் சர்வே எண் இல்லாதது பழைமையைக் காட்டுகிறது என்றாலும், வீட்டுக்குள் எழுதிக்கொண்ட தாள்களில் பிற்காலத்திலும் எண் விட்டுப்போவது உண்டு என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது, அரசுப் பதிவேடுகள். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாள்களைச் சேலம் மாவட்டம் என்ற தலைப்பில் தேட வேண்டும். கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் பகுதி 1792இலேயே திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்துவிட்டது. ஓசூர்ப் பகுதி 1799இல்தான் வந்தது. தங்கள் ஊர் இந்த இரண்டின் விளிம்பில் இருப்பதால், முதலில் அது பழைய கிருஷ்ணகிரி தாலுகாவில் இருந்ததா ஓசூர் தாலுகாவில் இருந்ததா என்று தெரிந்துகொள்ளுங்கள். கும்பெனி அதிகாரிகளான கேப்டன் ரீடும் அவருக்குக் கீழ் மன்றோவும் 1792 முதல் 1799 வரை எழுதிய பாராமகால் பதிவுகள் பின்னர் அச்சாயின. அவை மிக அரியவை. ஆனால் குடியானவர் ஒவ்வொருவரின் பெயரும் அவற்றில் இருக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். 1871 முதல் எண்ணிக்கை கிடைக்கிறது, வீட்டுவாரித் தாள்கள் கிடைப்பதில்லை.

தங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியது இனாம் பதிவேடு. தாளில் 'கொடிகை நிலம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அது முழுத் தீர்வை கட்டும் சாதாரண அயன் நிலமாகத் தோன்றவில்லை. இறையிலியாகவோ குறைந்த தீர்வைக்கோ விடப்பட்ட மானியமாக இருக்க வேண்டும். 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு மானியத்தையும் யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதியது. சாதாரணக் குடியானவரின் வயதும் வம்சமும் ஒரே வரியில் கிடைக்கும் ஏடு இதைப் போல வேறொன்றை நான் கண்டதில்லை. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஊர்ப் பெயரையும் தாலுகாவையும் குறிப்பிட்டு நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

சார்பதிவாளர் அலுவலகத்தையும் விட்டுவிட வேண்டாம். 1860களின் நடுவிலிருந்து பத்திரப் பதிவு நடைபெறுகிறது. இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று அவ்வளவு தூரம் பின்னோக்கிச் செல்லாது. நேரில் தேடுதல் மனு கொடுக்க வேண்டும். தங்கள் வீட்டாரின் பத்திரம் கிடைக்காவிட்டாலும், பக்கத்து நிலத்துப் பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) 'இன்னார் நிலத்துக்கு மேற்கு' என்று முன்னோரின் பெயர் வந்திருக்கும். செக்குபந்தியில் பல குடும்பங்களின் வரலாறு கேட்பாரற்றுக் கிடக்கிறது.


மறுமொழி 2: ஓசூரில் கன்னடமும் தமிழும் கற்பித்து வருபவர்

சகோதரிக்கு வணக்கம். மேலே ஐயா எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஐயம் குறைந்துவிட்டது. கொடிகை என்பது கன்னடச் சொல். 'கொடு' என்பதிலிருந்து பிறந்த 'கொடிகெ' என்பதற்குக் கொடை என்று பொருள். மைசூர்ச் சீமையிலும் அதை ஒட்டிய நம் பகுதியிலும், ஏரி கட்டியவருக்கும் கரையைப் பழுது பார்த்துக் காத்து வந்தவருக்கும் ஏரியின் கீழே விடப்பட்ட நிலத்துக்குக் 'கட்டுக்கொடிகெ' என்று பெயர். தெலுங்கு வழக்குள்ள ஊர்களில் ஏறத்தாழ இதே ஏற்பாட்டைத் தசபந்தம் என்றார்கள்.

தங்களுக்கு விளங்காத கத்தேதான் எனக்குப் பெரிய சான்றாகத் தெரிகிறது. அது கத்தை அன்று. கன்னடத்தில் நன்செய் வயலைக் குறிக்கும் 'கத்தெ'. வீட்டில் தமிழ் வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆன பிறகும் நிலத்தின் பெயர் கன்னடத்தில் நின்றுவிட்டது. மக்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள், வயலின் பெயரை எளிதில் மாற்ற மாட்டார்கள். 'கொடிகெக் கத்தெ' என்றால் கொடையாக வந்த நன்செய். அது ஏரிக்குக் கீழே இருக்கிறது என்பதையும் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். கொளகமும் இதே பக்கத்துச் சொல். இருபது கொளகம் ஒரு கண்டகம்.

மற்ற மூன்று விளக்கங்களையும் நான் புறந்தள்ளவில்லை. அவற்றில் 'கோடி' என்பதைக் கட்டாயம் எடைபோட வேண்டும். பழைய கையெழுத்துகள் பலவற்றில் ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டியிருக்க மாட்டார்கள். வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்த முறை ஊர்க் கணக்கர்களின் எழுத்தில் வந்து சேர நெடுநாள் ஆயிற்று. எனவே தாளை மட்டும் பார்த்தால் கொடி என்றும் படிக்கலாம், கோடி என்றும் படிக்கலாம். ஆனால் ஊரார் வாயில் குறிலாகவே வழங்குவதும், நிலத்தின் பெயராக அமைந்திருப்பதும் கொடிகெ என்ற பக்கமே சாய்கின்றன. கொடிக்கால் என்பதற்குக் 'கை' பொருந்தவில்லை.

கொடி பிடித்த கதையைப் பற்றி ஒரு சொல். நம் வட்டாரத்தில் பழைய மானியம் எதுவானாலும் திப்புவோடு இணைத்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. திப்பு பல மானியங்களை மீட்டுக்கொண்டவர் என்பதே வரலாறு. தங்கள் கொடிகை அவருக்கு முன்னரே, பாகலூர், பேரிகை, சூளகிரி போன்ற பாளையங்கள் ஓங்கியிருந்த காலத்தில் தோன்றியிருக்கவும் கூடும். யார் கொடுத்தது என்பதை இனாம் பதிவேடு சொல்லட்டும். என் மனத்தில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன்: படையில் கொடி தாங்கியவரைக் காட்டிலும், ஊருக்கு ஏரி கட்டிக் கரை காத்தவரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில் எந்தக் குறையும் இல்லை.


மறுமொழி 3: பென்னாகரம் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர்

வணக்கம். ஓட்டனாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் காணாமற் போனார். மூன்று ஆண்டு தேடலுக்குப் பிறகு அவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனதைக் கண்டுபிடித்தோம்.

கோலார்ச் செய்தியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். ஜான் டெய்லர் நிறுவனம் அங்கு வந்து சுரங்க வேலை பெருகியது 1880க்குப் பிறகு. 1877இல் ஊரை விட்டவர் நேராகத் தங்கவயலுக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு. வேறெங்காவது இருந்துவிட்டுப் பின்னர் போயிருக்கலாம். பஞ்சத்தில் மைசூர்ச் சீமையும் நம்மைப் போலவே வாடியது. நம் சேலம் மாவட்டத்தில் 1871இல் ஏறத்தாழ 19.7 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 16 இலட்சமாகக் குறைந்துவிட்டது. அவர்களில் இறந்தவர் எத்தனை பேர், இடம் பெயர்ந்தவர் எத்தனை பேர் என்று பிரித்தறிய முடியாது. ஓட்டனார் கூழுக்கு வழியில்லாமல் நடந்துபோன பாதையிலேயே இறந்திருக்கவும் கூடும்; அந்த முடிவுக்கும் மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் தேடத் தொடங்கியபோது எவரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை.

கப்பல் ஏறியிருந்தால் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் 1860 நவம்பரில் நேட்டாலை அடைந்தது. 1866இல் நின்றுபோன அனுப்புதல் 1874இல் மீண்டும் தொடங்கி 1911 வரை நடந்தது. ஆகவே தாது வருஷத்தில் அந்த வழி திறந்திருந்தது. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள தழும்பு ஆகியவற்றையும் எழுதியிருக்கிறார்கள். மொரிசியசுக்குச் சென்றவர்களின் பதிவுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. பிற்காலத்தில் சென்ற பலருக்குப் புகைப்படமும் இருக்கும். கங்காணி அழைத்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் தேடுவது இதைவிடக் கடினம்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். அந்த வெள்ளைக்கார எழுத்தர்கள் கிருஷ்ணகிரியைக் கிஸ்ட்னகிரி என்று எழுதியிருப்பார்கள், ஊர்ப் பெயரை இன்னும் சிதைத்திருப்பார்கள். நாங்கள் பெயரை வைத்துத் தேடி ஓராண்டை வீணாக்கினோம். பிறகு சேலம் ஜில்லா, தாலுகா, தந்தை பெயர், வயது ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஆள் கிடைத்தார். நெற்றியில் வெட்டுத் தழும்பு என்று அதில் இருந்தது. ஏர்க்கால் பட்டு நெற்றி கிழிந்தவர் என்று எங்கள் ஆயா சிறு வயதில் சொல்லியிருந்ததை என் அண்ணன் நினைவுகூர்ந்தபோது வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். ஆகவே ஓட்டனாரின் உடல் அடையாளம் பற்றி ஒரு சொல் எவர் வாயிலிருந்து வந்தாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியது

ஐயாவுக்கும், ஓசூர் ஆசிரியருக்கும், பென்னாகரத்துச் சகோதரருக்கும் என் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், எண்பத்தேழு வயதாகும் என் அத்தையிடம் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன்.

தாளில் கிழமையும் இல்லை, பசலியும் இல்லை. ஆனால் ஐயா கேட்கச் சொன்ன மூன்றாவது கேள்விக்கு அத்தை தயங்காமல் பதில் சொன்னார். அவருடைய தந்தையாருக்கு, அதாவது என் பாட்டனாருக்குப் பத்து வயதாக இருந்தபோது, முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் வந்த விஷக் காய்ச்சலில் பூட்டனார் இறந்துவிட்டாராம். ஒரே வாரத்தில் வீட்டில் இரண்டு பிணம் விழுந்தது என்று பாட்டனார் சொல்லிச் சொல்லி அழுவாராம். அது 1918ஆகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால், தாளில் தந்தையின் பெயராக இருப்பது அவர் பெயரேயானாலும், 1937இல் மகனோடு சேர்ந்து அவர் கைநாட்டு வைத்திருக்க முடியாது. தாளில் இருக்கும் மகன் என் பாட்டனார் அல்லர். அதே பெயர் கொண்ட ஓட்டனார். 1877 மாசியில், பஞ்சத்தின் நடுவில், தன் தந்தையோடு உட்கார்ந்து எட்டுக் கொளகம் கேழ்வரகுக்காக அந்த வயலை விட்டிருக்கிறார்.

ஏரியைப் பற்றியும் கேட்டேன். ஏரி நிரம்பிக் கோடி போகும் நாளில் கரையில் கங்கம்மாவுக்குப் பூசை போடும்போது, முதல் தேங்காயை எங்கள் வீட்டு ஆண்மகன் உடைப்பது வழக்கமாம். மண்வெட்டியைக் கழுவிப் பொட்டிட்டுப் பக்கத்தில் வைப்பார்களாம். அத்தை சிறுமியாக இருந்தபோது நடந்ததை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். பின்னர் நின்றுவிட்டது. கொடியைப் பற்றி அந்தப் பூசையில் எதுவும் இல்லை. ஓட்டனாரின் உடல் அடையாளம் எவருக்கும் தெரியவில்லை. நெட்டையான ஆள் என்பதை மட்டும் அத்தை சொன்னார்.

போக்கியமாக விட்ட வயல் எப்போது எங்களிடம் திரும்பி வந்தது என்பது எனக்குப் புதிய கேள்வியாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கைக்குழந்தையையும் தாயையும் காப்பாற்றியது யார்? அந்தப் பங்காளி வீட்டார்தாமா? அவர்களுக்கும் கொடிகைக்காரர் என்ற பெயர் இருப்பதன் காரணம் இதுதானா?


மறுமொழி 1 எழுதியவர் மீண்டும் எழுதியது

அம்மா, தாங்கள் ஒரே இரவில் செய்திருப்பதைப் பலர் ஆண்டுக்கணக்கில் செய்வதில்லை. பூட்டனார் இறந்த ஆண்டுக்கு எழுத்துச் சான்றும் தேடலாம். கிராம முன்சீப் எழுதி வைத்த பிறப்பு இறப்புக் குறிப்புகள் தாலுகா அலுவலகத்தில் எஞ்சியிருந்தால், 1918 ஐப்பசி, கார்த்திகை மாதங்களை முதலில் புரட்டச் சொல்லுங்கள். பல ஊர்களின் ஏடுகள் செல்லரித்துப் போய்விட்டன, இருந்தால் நற்பேறு.

பங்காளி வீட்டாருக்கும் அதே பெயர் இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கொடிகை முதலிலிருந்தே இரண்டு பங்காக இருந்திருக்கலாம், அல்லது 1877இல் வயலோடு கரை காக்கும் பொறுப்பும் அவர்களிடம் போய்ப் பெயரும் ஒட்டியிருக்கலாம். இதைத் தீர்க்கப் பஞ்சத்துக்கு முன்னர் எழுதப்பட்ட ஏடு வேண்டும். இனாம் பதிவேடு அப்படிப்பட்டது.

எழும்பூருக்குப் போகும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டனார் 1877இல் கைக்குழந்தையின் தகப்பன் என்றால் இருபத்தைந்து, முப்பது வயது இருக்கும். அவருடைய தந்தைக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும். ஆகவே 1860களின் தொடக்கத்தில் எழுதிய இனாம் வரியில், அனுபவிப்பவர் என்ற கட்டத்தில் தங்கள் பூட்டனாரின் பெயரே அவருடைய பாட்டனாருக்கு உரியதாக வந்து, வயது முப்பத்தைந்தை ஒட்டி இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறதா, பங்காளியையும் சேர்த்து இரண்டு இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.